கை நடுங்கும் கணவரும் பாறை ஏறிய லாரியும்

இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபட்ட ஒரே விஷயம் அதுதான்.

அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். மீதிப் பாதியில் முதல் ஆள் அவள் புருஷன்.

கல்யாணமான புதிதில் அவருக்கும் ஒரே ஒரு பாடம் நடந்தது. "கண்ணாடியப் பாருங்க" என்றாள் டீச்சர். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "சுத்தமாத்தானே இருக்கு?" என்றார். அதற்குள் கார் பெட்ரோல் பங்க்கின் செடிவேலிக்குள் புகுந்து நின்றுவிட்டது. பின்சீட்டில் இரண்டு மாணவிகள் வேறு. அவர்கள் சிரித்த சிரிப்பில் அன்றே சபதம் பிறந்தது.

இப்போது அந்தச் சபதத்துக்கு ஆபத்து வந்தது. டீச்சருக்குப் பதவி உயர்வு. ஊரின் மறுகோடியில் புதுக் கிளை. காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும்.

"அடுத்த மாசத்தில இருந்து உங்களைக் கடையில இறக்கிவிட முடியாது. நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

"பஸ்ல போய்க்கிறேன்."

"ரெண்டு பஸ் மாறணும். லென்ஸ் பெட்டியோட தொங்கிட்டுப் போவீங்களா?"

"ஓட்டக் கூடாது. எனக்குக் கை நடுங்குது."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளாவே. உன்கிட்ட சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்னு இருந்தேன்."

சாட்சிக்கு வலது கையை நீட்டினார். காற்றில் வாழை இலை ஆடுவதுபோல் ஆடியது. அவருக்கே பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து டீச்சர் பக்கத்தில் வந்தால் போதும், நடுக்கமும் கூடவே வந்துவிடும். டீயில் பாதி அவர் வயிற்றுக்குள்ளும் பாதி வயிற்றுக்கு மேலும் போயிற்று.

"டாக்டர்கிட்ட போவோமா?"

"நரம்பு சமாச்சாரம். தானா சரியாகணும். ஒரு பத்து வருஷம் ஆகும்."

"பாவம்" என்றாள் டீச்சர்.

கண்ணாடிக்காரர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதே கிடையாது.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக் கப்பல்காரர் மதில் மேல் தலையை நீட்டினார். கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

அவர் வீட்டுக் கொல்லையில், பழைய குளியலறையை இடித்த கல்லும் செங்கல்லும் குவிந்து கிடந்தன. அந்தக் குவியல் மேல் முழங்கை நீளத்தில் ஒரு பொம்மை லாரி ஏறிக்கொண்டிருந்தது. கப்பல்காரர் கையில் ரிமோட். லாரிக்கு அவசரமே இல்லை. ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்தது, யோசித்தது, அடுத்த சக்கரத்தைத் தூக்கி வைத்தது. சாய்ந்து, முனகி, கடைசியில் உச்சிக் கல்லில் போய் நின்றது.

"பாறை ஏற்றம்னு பேரு தம்பி. வேகமாப் போறவன் இதுல தோப்பான். அடுத்த மாசம் பழைய கல்குவாரியில போட்டி இருக்கு. உங்க தொழிலுக்குக் கண்ணும் கையும் உறுதியா இருக்குமே, அதான் கூப்பிட்டேன்."

தன் கையை உறுதி என்று ஒருவர் சொல்லிக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு இரண்டங்குலம் விரிந்தது. மறுநாளே இருவரும் பொம்மைக் கடைக்குப் போனார்கள். விளக்கும் ஹாரனும் வைத்த சிவப்பு லாரியை அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கா பொண்ணு பாக்குறீங்க? அழகை விடுங்க தம்பி. வயித்தைப் பாருங்க" என்றார் கப்பல்காரர்.

"யார் வயித்தை?"

"லாரியோட வயித்தை! தரையில இருந்து எவ்வளவு உயரமா இருக்குன்னு பாருங்க. அது கல்லுல இடிச்சா, நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்தும். அப்புறம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியா இருக்கணும். குட்டையா இருந்தா செங்குத்து ஏத்தத்துல மல்லாந்துடும்."

கடைசியில் சேற்று நிறத்தில், முகவெட்டே இல்லாத ஒரு நீள லாரி கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தது. லென்ஸ் தேய்க்கும் உள்ளறையில் அதை ஒளித்து வைத்தார். மாலையில் கப்பல்காரர் கொல்லையில் பயிற்சி. வீட்டில் கேட்டால், "அவருக்குப் பார்வை மங்குதாம். பயிற்சி குடுக்கறேன்."

முதல் பயிற்சியில் லாரி இரண்டாவது கல்லிலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தது. முன்பாரம் போதவில்லை. பேட்டரியை முன்னால் நகர்த்தினார். அதுவும் போதவில்லை. "முன் சக்கரத்துக்குள்ள ஈயம் வைக்கணும்" என்றார் கப்பல்காரர். கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னல் திரை தொய்வில்லாமல் தொங்குவதற்கு அதன் அடி மடிப்பில் ஈயப் பட்டை வைத்துத் தைத்திருந்தது. பிளேடு எடுத்தார்.

"என்னங்க, ஜன்னல் திரை ஏன் கூரை வரைக்கும் பறக்குது?"

"காத்து."

"போன வாரமும் காத்து அடிச்சுதே?"

"அது சின்னக் காத்து."

"ஓ" என்றாள் டீச்சர்.

அடுத்து டயர். கல்லை உள்ளங்கைபோல் பற்றிக்கொள்ள மெத்தென்ற ரப்பர் வேண்டும், உள்ளே பஞ்சு வேண்டும். குளியலறையில் தேய்த்துக் குளிக்கும் பஞ்சு ஒன்றுதான் இருந்தது. அதை வெட்டினார்; இரண்டு டயருக்குத்தான் வந்தது. ஆச்சரியம், மறுநாள் காலை அங்கே புத்தம் புதிதாக இரண்டு பஞ்சு இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டார். இவள் எதையும் கவனிப்பதில்லை, கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டது என்று ஒரு நிபுணரின் அனுதாபத்தோடு நினைத்துக்கொண்டார். இன்னொரு நாள், அவர் சின்ன திருப்புளி தேடி வீட்டையே புரட்டியபோது, அது அவர் செருப்புக்குள் இருந்தது. அதிர்ஷ்டம் வந்தால் செருப்பில்கூட வரும் என்று எடுத்துக்கொண்டார்.

"டயர் மாத்தியாச்சு அண்ணே. நான்தான் டயர்டு" என்று கப்பல்காரரிடம் சொல்லிச் சிரித்தார். பல் சக்கரத்தை மாற்றி வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். கல்லில் மாட்டிய முன் பம்பரை அறுத்து எறிந்தார்கள். மூன்றாம் வாரம் லாரி பல்லிபோல் ஏறியது. வீட்டில் மட்டும் அவர் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தார்.

போட்டி நாளன்று, "கப்பல்காரர் கண்ணுக்குப் பெரிய டாக்டரைப் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"நல்லபடியா முடியட்டும்" என்றாள் டீச்சர்.

குவாரியில் போட்டியாளர்கள் பதினாலு பேர். பாறைகளின் நடுவே ஜோடி ஜோடியாகக் குச்சி நட்டிருந்தார்கள். அவற்றின் ஊடே லாரி போக வேண்டும். குச்சியைத் தொட்டால் அபராதம், பின்னால் எடுத்தால் அபராதம். அபராதம் குறைந்தவர் ஜெயித்தவர்.

கடைசி ஜோடி ஒரு செங்குத்துப் பாறையின் நெற்றியில் இருந்தது. மற்ற பதிமூன்று லாரியும் அங்கே மல்லாந்தன. கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டை விரல் ஒரு மயிரிழை நகர்ந்தது. லாரியும் மயிரிழை நகர்ந்தது. பின்சக்கரம் வழுக்கியது; விட்டுக்கொடுத்தார், டயர் கல்லைப் பற்றும்வரை பொறுத்தார், மறுபடி தூக்கினார். ஈயம் முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. குச்சி இரண்டும் அசையவில்லை. லாரி மேலே நின்றது.

கூட்டம் கத்தியது. கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூட அவர் ஜெயித்ததில்லை.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "இருபது வருஷமா இந்தப் போட்டி நடத்தறேன். இப்படி ஒரு நடுங்காத கையை நான் பாத்ததே இல்லை!" ஒருவர் அந்தக் கையை வீடியோ எடுத்தார். "முதல் பரிசுக்கு ஸ்பான்சர் பண்ணினவங்களே வந்து அதைக் குடுப்பாங்க."

குவாரி ஓரத்தில் நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து டீச்சர் நடந்து வந்தாள். கையில் ஒரு உறை.

கண்ணாடிக்காரரின் கை அனிச்சையாக ஆட ஆரம்பித்தது. நூறு பேர் பார்ப்பது ஞாபகம் வந்ததும் ஆட்டம் நின்றது.

உறையைப் பிரித்தார். புதுக் கிளையில் முப்பது நாள் கார் பயிற்சி. மாணவர் பெயர் உள்ள இடத்தில் அவர் பெயரை ஏற்கெனவே எழுதி, புகைப்படமும் ஒட்டியிருந்தது. தேதியைப் பார்த்தார். பாவம் என்று அவள் சொன்னாளே, அதற்கு மறுநாள்.

கப்பல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சுடுங்க தம்பி. அன்னைக்கு உங்களைக் கூப்பிடச் சொன்னதே டீச்சர்தான். எனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவங்க. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"நான் ஜெயிக்காமப் போயிருந்தா?" என்று கண்ணாடிக்காரர் பரிதாபமாகக் கேட்டார்.

"ஆறுதல் பரிசும் அதேதாங்க" என்றாள் டீச்சர்.

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நல்லா ஓட்டினீங்க. நிஜமாவே. பதிமூணு பேரும் அவசரப்பட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பொறுமையா இருந்தீங்க. ரோட்டுக்கு அது போதும்" என்றாள். அவருக்கு அந்த வார்த்தை பரிசைவிடப் பெரிதாகப் பட்டது. அந்தச் சந்தோஷத்தில், அவள் நீட்டிய கார் சாவியை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

"அப்ப சாயங்காலம் லாரி ஓட்டலாமில்ல?"

"லாரியா? அதைப் புதுக் கிளைக்குக் குடுத்துட்டேன். பாடம் நடத்த வேணும்" என்றபடி, அவர் கையிலிருந்த ரிமோட்டையும் டீச்சர் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.