மூன்று நாள் குழி

இருபதடிக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் தனக்கு வீடே வேண்டாம் என்று மரியசூசை சபதம் எடுத்தார். எழுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசிக் கடைசி. மேற்கே இடித்துக்கொண்டிருந்தது.

சபதம் ஹாலைப் பற்றியது. அண்ணன் யாகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பி, காரைக்காலில் கட்டிய வீட்டின் ஹால் பதினெட்டடி. அதில் பெரிய நாற்காலிகள் பெரிய மனிதர்களுக்கு. குமாஸ்தாவான தம்பிக்கு வாசலோரம் ஒரு முக்காலி. பதினைந்து வருஷம் முக்காலியில் உட்கார்ந்தவருக்கு இருபதடி ஆசை வருவது குற்றமில்லை.

மனை வரிச்சிக்குடிச் சாலையில், போன வருஷம்வரை வயலாக இருந்த இடம். மரியசூசை லாரி லாரியாக மண்ணடித்து மூன்றடி உயர்த்தினார். பக்கத்து மனையில் சௌந்தரவல்லி டீச்சர் முன்பே வீடு கட்டிக் குடியிருந்தார். உயர்த்தாமல் கட்டிய வீடு. இப்போது அது பள்ளத்தில் இருந்தது.

ஐப்பசி மழைக்கு முன் அஸ்திவாரம் எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் கொட்டிய மண் முழுவதும் கரைந்து கடலுக்குப் போய்விடும். மரியசூசைக்கு நின்றால் நிலை கொள்ளவில்லை, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸில் ஒரு கோப்பு முடிந்தால் ஜன்னலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தார். ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் மனைக்குப் பறந்தார். அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அங்கேயும் வானத்தைத்தான் பார்த்தார்.

அனுமதி கொடுக்க வேண்டிய ஓவர்சியர் காஜா மைதீன் ஒருநாள் குடையும் டேப்புமாக வந்து சேர்ந்தார். மண்மேட்டில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"மூணடி ஒசத்திட்டீங்க. சந்தோஷம். மழை பேஞ்சா தண்ணி எங்க போவும் சார்?"

"பள்ளத்துக்குப் போவும். அது தண்ணியோட சுபாவம்."

"பள்ளத்துல டீச்சர் வீடு இருக்குதே?"

"அது டீச்சரோட சுபாவம்."

காஜா மைதீன் சிரிக்கவில்லை. "மண்ணடிச்சவர் மழைத்தண்ணிய தன் மனையிலயே வாங்கிக்கணும் சார். பின்னாடி பத்தடிக்கு ஒரு குழி. ஓரமா ரெண்டடி வாய்க்கால். தண்ணி குழியில நின்னு, மண்ணு அடியில தங்கி, தெளிஞ்ச தண்ணி மட்டும்தான் தெரு வாய்க்காலுக்குப் போவணும். உங்க மண்ணு கரைஞ்சு வாய்க்கால் தூந்து போச்சுன்னா தெருவே மிதக்கும். குழியக் கண்ணால பாத்தாத்தான் கையெழுத்து."

அவர் போனதும் மரியசூசை குச்சியால் தரையில் கோடு கிழித்துப் பார்த்தார். பின்னால் பத்தடியைக் குழிக்கு விட்டால் சமையல்கட்டு முன்னால் நகரும். சமையல்கட்டு நகர்ந்தால் படுக்கையறை நகரும். எல்லாம் நகர்ந்து வந்து ஹாலின் மேல் உட்காரும். மிச்சம் பத்தடி. யாகப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகையே பன்னிரண்டடி.

அன்று சாயந்திரமே யோசனை பிறந்தது. மனைவி ஞானமேரியிடம் சொன்னார்.

"மூணே நாள் குழி, மேரி. வியாழக்கிழமை வெட்டுறேன். வெள்ளிக்கிழமை ஓவர்சியர் பாத்துக் கையெழுத்துப் போடுறாரு. சனிக்கிழமை மூடிடுறேன். திங்கக்கிழமை அதுக்கு மேலயே வீட்டுக் கடக்கால்!"

ஞானமேரி நெடுங்காட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். மடை எது, வடிகால் எது என்று நடை பழகும்போதே தெரிந்துகொண்டவள்.

"அப்ப தண்ணி டீச்சர் வீட்டுக்குள்ள போவாதாங்க?"

"போனா மண்வெட்டியால வெட்டி விட்டுக்குவாங்க."

"போன மழைக்கே அவங்க அடுப்புல தவளை உக்காந்திருந்துச்சாம்."

"தவளைக்கும் ஒரு எடம் வேணுமில்ல?"

ஞானமேரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்துக் குடித்தனத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது அதற்கு முன் இரண்டே தடவை. முதல் 'சரி'க்குப் பிறகு மரியசூசையின் மாமனார் வந்து நாற்பது நாள் தங்கினார். இரண்டாவதுக்குப் பிறகு மரியசூசை சிகரெட்டை விட்டார். இந்த மூன்றாவது 'சரிங்க'வுக்கு அவர் பயந்திருக்க வேண்டும். வானத்தைப் பார்க்கிற வேலையில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை கொத்தனார் பூமிநாதன் ஆட்களோடு வந்து குழியை வெட்டினார். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஞானமேரி குழியைச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, இது நாளைக்கு மூடப்போற குழின்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

"குழிக்கு ஏது மூஞ்சி?"

"கரையப் பாருங்க, பச்சை மண்ணு. உண்மையா வச்சிக்கப்போறவன் கரைக்குக் கல்லு பதிக்க மாட்டானா? ஓவர்சியர் என்ன நேத்து பொறந்தவரா?"

மரியசூசை கொத்தனார் பக்கம் திரும்பினார். "பூமிநாதா, கல்லு பதி!"

கல் பதிந்தது. ஞானமேரி போகவில்லை.

"எறங்கி மண்ணு அள்ள படி இல்லியே? வருஷா வருஷம் தூர் வாரணும்னு கேப்பாரு."

"பூமிநாதா, ரெண்டு படி!"

"தெரு வாய்க்காலுக்குக் குழாய்?"

"சும்மா ஒரு துண்டுக் குழாய நீட்டிட்டா போதாதா?"

"ஒரு குடம் தண்ணிய ஊத்திப் பாத்தாருன்னா?"

"பூமிநாதா, குழாயக் கொண்டுபோய் வாய்க்கால்லயே சேர்த்துடு!"

பூமிநாதன் தலையைச் சொறிந்தார். "ஐயா, சனிக்கிழமை மூடுற குழிதானே?"

"மூடுற குழிதான்யா. அதனாலதான் நல்லா இருக்கணும்."

முப்பது வருஷமாகக் கொத்து வேலை பார்த்தவருக்கு இந்த வாக்கியம் விளங்கவில்லை. சிமெண்ட் குழைத்தார். பொழுது சாய்வதற்குள் ஓரத்து வாய்க்காலும் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்து வெட்டியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஓவர்சியரோடு மழையும் வந்தது. மண்மேட்டில் விழுந்த தண்ணீர் செக்கச் செவேலென்று ஓடி, குழியில் இறங்கி, நின்று, அந்தப் பக்கத்துக் குழாயில் தெளிந்து வழிந்தது. டீச்சர் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை. காஜா மைதீன் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே பார்த்தார்.

"சார், பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குழிய நான் பாத்ததில்ல."

மழையிலேயே கையெழுத்துப் போட்டார். மரியசூசை காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். அன்று ராத்திரி அவர் கனவில் யாகப்பன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை, குழியை மூட நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனபோது குழிக்கரையில் ஓர் அங்கி தெரிந்தது. பங்குச் சாமியார். பக்கத்தில் காஜா மைதீன். அவருக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு ஞானமேரி.

"தோத்திரம் சாமி" என்றார் மரியசூசை.

"வாப்பா மரியசூசை! கோயில் மனையில ஞானோபதேசக் கொட்டகை கட்டப் போறோமில்ல? அதுக்கும் குழி வெட்டணும்னு ஓவர்சியர் சொல்லிட்டாரு. எப்படி வெட்டுறதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். நேத்து உன் சம்சாரம் வந்து, எங்க குழிய வந்து பாருங்க சாமின்னுச்சு. இவரும் அதையேதான் சொன்னாரு."

"குழி... சாதாரணக் குழிதான் சாமி."

"எது சாதாரணம்? பக்கத்து வீட்டுக்குத் தண்ணி போகக் கூடாதுன்னு தன் ஹால்ல பாதிய விட்டுக்குடுத்தியாமே? நாளைக்குப் பூசையில சொல்லப் போறேன். வீடு கட்டுறவங்க எல்லாரும் வந்து பாக்கட்டும்." சாமியார் திரும்பினார். "இவங்க எதுக்கு மண்வெட்டியோட நிக்கிறாங்க?"

ஆட்கள் மரியசூசையைப் பார்த்தார்கள். மரியசூசை ஞானமேரியைப் பார்த்தார். ஞானமேரி குழியைப் பார்த்தாள்.

"இன்னும் ஓரடி ஆழமாக்கத்தான் சாமி" என்றார் மரியசூசை.

ஆழமாக்கினார்கள்.

மறுநாள் பூசையில் சாமியார் அவர் பெயரைச் சொன்னபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த யாகப்பனும் திரும்பினார். தன் பெயர் கோயிலில் ஒலிப்பது மரியசூசைக்கு வாழ்க்கையில் இரண்டாம் தடவை. முதல் தடவை, பூசையில் படித்த அவருடைய கல்யாண அறிவிப்பு. இரண்டிலும் அதற்கு மேல் பின்வாங்க வழியில்லை.

ஹால் பத்தடியில் எழும்பியது.

குடிபோன பிறகு வந்த முதல் ஐப்பசி. மூன்று நாள் விடாமல் கொட்டியது. டீச்சர் வீட்டு அடுப்பு தினமும் எரிந்தது. அவர் ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்து, "உங்க மனசு யாருக்கு வரும் சார்?" என்று கண்கலங்கினார். மரியசூசை எதற்கோ இருமினார்.

மழை பெய்யப் பெய்ய ஆட்கள் வந்தார்கள். அம்பகரத்தூரிலிருந்துகூடப் பஸ் பிடித்து வந்தார்கள். மழையில்தானே குழி வேலை செய்வதைப் பார்க்க முடியும்? ஓரமெல்லாம் வாய்க்கால். பின்பக்கம் போக ஹாலைவிட்டால் வேறு வழியில்லை. ஒருவரும் ஹாலில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக் காலோடு ஹாலை நாலே எட்டில் கடந்து குழிக்குப் போனார்கள். பார்த்துவிட்டு, அதே காலோடு திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் சாயந்திரம், கூட்டம் ஓய்ந்த பிறகு, மரியசூசை மெல்லக் கேட்டார்.

"டீச்சருக்காகத்தானே மேரி இவ்வளவும் பண்ணுன?"

"அவங்களுக்காகவுந்தான்" என்றாள் ஞானமேரி. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்காகவுந்தாங்க. அந்த மூலையில இன்னும் சேறு இருக்கு பாருங்க."

மரியசூசை அந்த மூலையையும் பெருக்கினார். பெருக்கி முடித்து, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு இடுப்பை நிமிர்த்தியபோது, ஹால் இருபதடியாக இல்லாமல் போனதற்கு முதன்முதலாகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.