பச்சை வரைபடம்

உலகத்தில் மகத்தான காரியங்கள் எல்லாம் சகதியில் கால் வைக்காதவர்களால்தான் நடந்திருக்கின்றன. சதுப்புநிலப் பாதுகாப்பு அலுவலகத்தின் இயக்குநர் இந்த உண்மையைப் பதவியேற்ற அன்றே கண்டுகொண்டார்.

எங்கிருந்தோ வந்த அந்நிய நாணல் ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சதுப்பு நிலத்தை அடைத்துக்கொண்டிருந்தது. முன்பிருந்தவர்கள் ஆள்விட்டு வெட்டி வீணாய்ப் போனவர்கள். இவர் செயலி கொண்டுவந்தார். நாணலைக் காணும் 'தன்னார்வலர்' படமெடுத்து அனுப்பினால், பச்சை வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த இடத்தில் மட்டும் வெட்டுவார்கள்.

தன்னார்வலர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். புதுச் செருப்பு நனையாமல் மரப்பாலத்தில் நின்று, கைக்கெட்டிய நாணலைப் படமெடுத்து, பக்கத்தில் தங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வரைபடத்தில் பாலம் மட்டும் சிவந்தது.

ஆய்வுக் கூட்டம் கூடியது.

"நாணல் பாலத்த ஒட்டித்தான் வளருது சார்," என்றார் புள்ளிவிவர அதிகாரி.

"காரணம்?"

"ஆள் நடமாட்டம் அதுக்குப் பிடிக்குது போல."

கூட்டம் மெய்சிலிர்த்தது. அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"அப்பால வாய்க்கால் பக்கம் ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியா கெடக்கு. ஏதோ தப்பாத்தான் இருக்கும். எடுத்துடலாமா?"

அது யார் அனுப்பியது என்று இயக்குநருக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் வீட்டிலேயே தையல்கடை வைத்திருக்கும் அவருடைய தங்கை, மொட்டைமாடியில் நின்று எடுத்த படம். நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கூடப்பிறந்தவள் என்று சலுகை காட்டினால் அறிவியல் என்ன ஆவது?

"எடுத்துடுங்க," என்றார்.

அடுத்த தீர்மானம், நாணலுக்குப் பிடித்த ஆள் நடமாட்டத்தை நிறுத்துவது. பாலத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து ஒரு படமும் வரவில்லை. பழைய புள்ளிகளும் நாளடைவில் தானே மறைய, வரைபடம் முழுக்கப் பச்சையாயிற்று. பாம்பும் சாகணும், கம்பும் முறியக்கூடாது என்பார்கள். இங்கே கம்பையே யாரும் கையில் எடுக்கவில்லை. நாணல் 'முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக' அறிவிப்பு வெளியானது.

பாராட்டு விழா அன்று வெளியே மழை கொட்டியது. மாலை கழுத்தில் விழுந்த நேரம் பார்த்துத் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, வாய்க்கால நாணல் அடைச்சிடுச்சு. தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. மெஷின், தைக்கக் குடுத்த துணி எல்லாம் போச்சு. புள்ளைங்களோட மாடியில நிக்கிறேன். ஆள் அனுப்பு."

இயக்குநர் மேடையிலேயே வரைபடத்தைத் திறந்து, வாய்க்காலைப் பெரிதாக்கிக் கவனமாகப் பார்த்தார். எந்தப் பதவியிலும் தங்கைக்காக இவ்வளவு மெனக்கெடும் அண்ணன் அபூர்வம்.

"அங்க நாணலே இல்லையேம்மா."

"கண்ணு முன்னால நிக்குது!"

"பதட்டப்படாத. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. புள்ளி விழுந்தா ஆள் தானா வரும்."



"நாணலுக்கு வளர மட்டுந்தாண்ணா தெரியும்," என்றாள் தங்கை. "என்னை முக்கினது நீ."