வாய் வைத்துக் குடித்த மேஸ்திரி

“இது கொஞ்சம் சில்லுனு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார் சின்னண்ணன்.

அவ்வளவுதான் சொன்னார். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கொட்டகைக்குள் இருந்த மற்ற மூன்று பேரும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

“எது?” என்றான் சுப்பையன்.

“இல்லப்பா, பீரச் சொன்னேன். சூடா இருக்குது.”

“சித்திர மாசத்துல பீரு சூடாத்தான் இருக்கும். உனக்குன்னு மார்கழிக்கா போவ முடியும்?”

சின்னண்ணன் நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. சுப்பையன் அதே பட்டறையில் வெல்டர். தங்கமுத்து, கட்டி முடித்த லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பெரியசாமி கோழிப்பண்ணை வைத்திருப்பவர். விரிசல் விட்டு விலைபோகாத முட்டைகளை அவித்து எடுத்து வருவது அவர் பொறுப்பு. அரசாங்கம் மதுவிலக்கை எடுத்துவிட்டு மறுபடியும் கடைகளைத் திறந்துவிட்ட நாளிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலம் நால்வரும் கைலாசத்தின் பிராந்திக் கடைக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையில் கூடுவது வழக்கம்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டம் இருந்தது. பாட்டில் ஒன்றுதான் சுற்றும். வாய் வைக்கக் கூடாது; வைத்தால் எச்சில், அடுத்தவன் குடிக்க முடியாது. ஆகவே எல்லாரும் தண்ணீர் குடிப்பது போலத் தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார்கள். கரடி மார்க் பீர். அது நாக்கில் படாமலே தொண்டைக்குள் இறங்கிவிடும். நுரை மட்டும் மூக்கில் ஏறும். ருசி என்ன என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது பெங்களூர்தான். போன மாதம் ஒரு வேலையாக முதலாளி சின்னண்ணனை அங்கே அனுப்பியிருந்தார். அங்கிருந்த லாரி உரிமையாளர் ஒருவர், நம் பக்கத்துக்காரர்தான், அவரை ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி டம்ளரில் பீர் ஊற்றிக் கொடுத்தார். டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.

“அவசரப்படாதீங்க மேஸ்திரி. வாய் வெச்சு, நாக்குல சித்த நேரம் நிறுத்தி எறக்குங்க.”

அப்படியே இறக்கினார். முதலில் கசந்தது. அப்புறம் ஒரு தானிய வாசனை வந்தது. எல்லாம் போன பிறகு, அடி நாக்கில் துளியூண்டு இனிப்பு தங்கியது. ஒரு பீருக்குள் இத்தனை இருக்கிறதா என்று அவருக்கு ஆச்சரியமாகிவிட்டது. வாரம் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழுந்து விழுந்து அவர் காதுக்குள் ஒரு வண்டு குடியிருந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்த வண்டு வாய் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கைலாசத்தின் கடையில் தேடிப் பார்த்தார். மூலையில் தூசி படிந்து கிளி மார்க் என்று ஒன்று கிடந்தது. பெங்களூரில் அவர் குடித்தது அதுதான்.

“அது கெடக்குதுங்க. கிக்கு இல்லைனு ஒருத்தரும் தொடறதில்ல” என்றார் கைலாசம்.

எல்லாம் சரி. ஆனால் பட்டறையில் அவரை ‘மேஸ்திரி’ என்றார்கள். தப்பு நடந்தால் அதற்கு முன்னால் வேறு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் ‘அப்பா’, ‘ஏனுங்க’. மாமனார் ஊரில் ‘மாப்பிள்ளை’. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டு வந்தது. எந்த வேலையும் சொல்லாமல் அவரை ‘வாடா’ என்று கூப்பிடும் இடம் உலகத்திலேயே அந்தக் கொட்டகை ஒன்றுதான். பீர் நல்லதோ கெட்டதோ, அந்த ‘டா’ போய்விட்டால் சின்னண்ணன் என்ன செய்வார்?

ஆகவே அடுத்த சனிக்கிழமை யாருக்கும் தொந்தரவு இல்லாமல் காரியத்தை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தார். எல்லாரும் கரடி குடிக்கட்டும். தான் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கிளியை டம்ளரில் ஊற்றி மெதுவாகக் குடித்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வீட்டில் அலமாரியிலிருந்து கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்தார்.

“ஏனுங்க, அது ஒறம்பரை வந்தா மோர் குடுக்கற டம்ளருங்க. எங்கண்ணன் சீர் வெச்சது” என்றாள் மனைவி சௌந்திரம்.

“நானும் ஒரு நாளைக்கு ஒறம்பரையா இருந்துட்டுப் போறேன்.”

“நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கொட்டகையில் டம்ளரை வெளியே எடுத்தார். முட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியசாமி பாதியில் நிறுத்தினார். சுப்பையன் டம்ளரைப் பார்த்தான். அப்புறம் சின்னண்ணனைப் பார்த்தான்.

“எங்க ஊரு டீக்கடையில எங்கய்யனுக்குத் தனி டம்ளர் வெச்சிருந்தாங்க” என்றான். “வெளிய நின்னு குடிச்சுட்டு, கழுவிக் கவுத்தி வெச்சுட்டு வரோணும். நீ என்னடான்னா உனக்கே தனி டம்ளர் கொண்டாந்திருக்கற. ரெண்டும் ஒண்ணுதான் போ.”

சின்னண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அப்படி ஒரு நினைப்பு அவர் மனதில் எந்த மூலையிலும் இல்லை.

“அய்யோ, சத்தியமா இல்லடா! சப்பிக் குடிச்சாத்தான் ருசி தெரியுமுன்னு...”

“தெரியட்டும், தெரியட்டும்.”

இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல இருப்பது போலவே ஆனது. அன்றைக்குக் கிளி மார்க் அவருக்கு இறங்கவேயில்லை. தன் மேலேயே கோபம் வந்தது. ஒரு டம்ளரை எடுத்துப் பையில் போடுவதற்கு முன்னால் சுப்பையனின் அப்பாவை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

தனி டம்ளர்தானே தப்பு, எல்லாருக்கும் டம்ளர் வைத்துவிட்டால்? அடுத்த வாரம் நான்கு டம்ளர்களைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரே மாதிரி டம்ளர்கள், ஒருவருக்கொருவர் வித்தியாசம் இல்லை. கைலாசத்திடம் கெஞ்சி, கிளி மார்க் பாட்டில்களை மத்தியானமே சோடா பாட்டில்களுக்கு நடுவில் ஐஸ் பெட்டியில் போட்டும் வைத்திருந்தார்.

“எடுத்துக்குங்கப்பா. எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

இந்தத் தடவை பெரியசாமிக்கு ரோசம் வந்தது.

“அப்படீன்னா இத்தன நாளா நாங்க மாடு தண்ணி குடிக்கறாப்பல குடிச்சமா? இப்ப நீ டம்ளர் குடுத்துத்தான் நாங்க மனுசனாகோணுமா?”

“அண்ணா, நான் அப்படிச் சொல்லலீங்க...”

“நீ சொல்ல மாட்ட. நீ பெங்களூரு போய்ட்டு வந்தவன். சொல்லாமயே சொல்லுவ.”

கொடுத்ததைத் தள்ளினால் மரியாதை இல்லை என்று மூவரும் டம்ளரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாய் வைத்துக் குடித்தால் அவன் சொன்னதுக்குத் தலையாட்டியது போல ஆகிவிடுமே! ஆகவே டம்ளரையும் தூக்கி அண்ணாந்தே ஊற்றிக்கொண்டார்கள். அது வாய் அகன்ற டம்ளர். பெரியசாமியின் வெள்ளைச் சட்டைதான் அதிகம் குடித்தது. தங்கமுத்துவுக்குக் கண்ணில் போய், அவன் கையை உதற, ஒரு டம்ளர் கீழே விழுந்து உடைந்தது.

வீட்டில் சௌந்திரம் டம்ளர்களை எண்ணி, மிச்சமிருந்ததை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாள் மோரை அலுமினியப் போசியில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“டம்ளர் இல்லியா?” என்று அவர் கேட்கவில்லை.

சரி, டம்ளரே வேண்டாம், ருசியே வேண்டாம், நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சமாதானமாகிவிடலாம் என்று அதற்கடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு போனார். அன்றைக்குப் பாட்டில் வாங்கும் முறை தங்கமுத்துவுடையது. வழக்கமான கரடி மார்க். மத்தியான வெயிலில் அவன் சைக்கிள் கூடையில் கிடந்து, வெந்நீர் பதத்தில் இருந்தது.

சின்னண்ணன் ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார்.

“பிரமாதம்டா! பீருன்னா இதான் பீரு.”

தங்கமுத்துவின் முகம் கறுத்தது.

“நக்கலா?”

“நக்கல் இல்லடா. நெசமாத்தான் சொல்றேன். நெம்ப நல்லா இருக்குது.”

“அந்தப் பக்கம் நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. நீ பிரமாதங்கற. நாங்க படிக்காதவங்கதான். ஆனா நக்கல் தெரியாதவங்க இல்ல.”

பழித்தால் திமிர். பேசாமல் இருந்தால் பெரிய மனுசத்தனம். பாராட்டினால் நக்கல். மனிதன் வேறு என்னதான் செய்வது? சின்னண்ணனுக்குக் களைப்பாக இருந்தது. ஒரு லாரிக்கு முழு பாடி கட்டுவதில்கூட இத்தனை சிரமம் இல்லை. அங்கே அளவு தப்பினால் வெட்டி ஒட்டிவிடலாம்.

நக்கல் இல்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. “இங்க குடுடா” என்று பாட்டிலைப் பிடுங்கி, பழைய சின்னண்ணனாக, கையை நன்றாக உயர்த்தி, மடமடவென்று ஊற்றினார். ஆனால் நாக்கு பழைய நாக்காக இல்லை. பெங்களூரில் பழகிய பழக்கத்தில் ஒரு கணம் பீரை நிறுத்தி ருசி பார்த்துவிட்டது. பின்னால் வந்தது முட்டிக்கொண்டு மூக்கு வழியாகத் திரும்பியது. ஒரு தும்மல். பெரியசாமி வரிசையாக உரித்து, உப்பும் மிளகும் தூவி வைத்திருந்த முட்டைகள் அத்தனையும் குளித்தன.

பெரியசாமி ஒரு முட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“பாத்தீங்களா, தொரைக்கு நம்ம பீரு சேரல” என்றான் தங்கமுத்து.

“இனி நம்ம முட்டையும் சேராது” என்றார் பெரியசாமி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

போகும்போது சுப்பையன் மட்டும் திரும்பி, “வாரங்க மேஸ்திரி” என்றான்.

‘வாரண்டா’ இல்லை, ‘வாரங்க மேஸ்திரி.’ அந்த ஒரு ‘ங்க’வைச் சுமந்துகொண்டு சின்னண்ணன் வீடு வரைக்கும் நடந்தார். இரவு சாப்பாடு வேண்டாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க யோசித்தார். சனிக்கிழமை சீக்கிரமே போய்க் கொட்டகையில் உட்கார்ந்து, மூவரும் வந்ததும் எழுந்து நின்றார்.

“இத பாருங்கப்பா. எனக்கு ஒரு ருசியும் தெரியாது. தெரிஞ்சதும் மறந்து போச்சு. கரடிதான் பீரு, இதான் கொட்டாயி, நீங்கதான் என்ற கூட்டாளிங்க. இனி ஐஸுன்னு வாயெடுத்தா என்னச் செருப்பால அடிங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உக்காருடா” என்றான் சுப்பையன்.

அந்த ‘டா’ காதில் விழுந்ததும் சின்னண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பீர் நுரை பட்டது போலத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் ஒழுங்காக நடந்தன. சூடான கரடி மார்க் சுற்றி வந்தது. எல்லாரும் அண்ணாந்து குடித்தார்கள். முட்டை தின்றார்கள். ஆனால் முன்பு போலச் சிரிப்பு இல்லை. பெரியசாமி பாட்டிலைக் கையில் வாங்கினால் பெருமூச்சு விட்டார். தங்கமுத்து குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். யாராவது பார்த்தால், “வயிறு சரியில்ல” என்றான். தன் மேல் இன்னும் மனத்தாங்கல் ஆறவில்லை போலிருக்கிறது என்று சின்னண்ணன் நினைத்துக்கொண்டார்.

“முந்தியெல்லாம் சனிக்கெழம போய்ட்டு வந்தா மொகத்துல ஒரு சிரிப்பாவது இருக்கும்” என்றாள் சௌந்திரம். “இப்ப எளவு ஊட்டுக்குப் போய்ட்டு வந்தாப்பல வாரீங்க. அப்பறம் எதுக்குங்க போறீங்க?”

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். மோர் இன்னும் போசியில்தான் வந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டறையில் வண்டி எடுக்க வந்தவர், கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை என்றார். முதலாளி அவர் முன்னாலேயே சின்னண்ணனைத் திட்டினார். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. சாயங்காலம் சைக்கிளை மிதிக்கும்போது கிளி மார்க்கின் நினைப்பு வந்தது. வியர்த்த பாட்டில், தானிய வாசனை, கடைசியில் அந்தத் துளி இனிப்பு. இன்றைக்குக் கூட்டாளிகள் யாரும் வரப்போவதில்லை. ருசி தெரிந்திருப்பது குற்றமா என்ன? தெரிந்ததை நாலு பேர் நடுவில் காட்டிக்கொண்டதுதான் குற்றம். தனியாக, சத்தமில்லாமல், ஒன்றே ஒன்று குடித்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படித் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடி முடித்தபோது சைக்கிள் கைலாசத்தின் கடை முன்னால் நின்றிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“கிளி மார்க் ஒண்ணு குடுங்க” என்றார், குரலைத் தாழ்த்தி. “நல்லா ஐஸுல கெடந்ததா. கொட்டாயில உக்காந்து சித்த நேரத்துல போயிர்றேன். நம்மாளுங்க மூணு பேருத்துக்கும் மட்டும் தெரிய வேண்டாம்.”

கைலாசம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். ரொம்ப நாளாகத் தூங்காதவர் போலிருந்தது அவர் முகம். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்காமல், அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“நீங்களுமுங்களா?” என்றார். “கொட்டாயிக்குள்ள இப்பப் போவாதீங்க மேஸ்திரி. செவ்வாய்க்கெழம சுப்பையன், புதங்கெழம தங்கமுத்து, வியாழக்கெழம பெரியசாமியண்ணன்னு ஆளுக்கொரு நாளா, இதே கிளியத்தான் ஐஸுல போடச் சொல்லி, மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமுன்னு சத்தியம் வாங்கிட்டு, வாய் வெச்சுச் சப்பிச் சப்பிக் குடிச்சுட்டுப் போறாங்க. உங்களுக்கு வெள்ளிக்கெழம காலியா இருக்குது, போட்டுக்கட்டுங்களா?”