துப்பாக்கி நைனாவும் இரண்டு திருகாணிகளும்

தமிழ்த் திரையில் சுடப்பட்டுச் செத்தவர்கள் அத்தனை பேரையும் கொன்றவை மொத்தம் ஏழே துப்பாக்கிகள்தாம் என்பது துப்பாக்கி நைனாவின் அசைக்க முடியாத கொள்கை. அந்த ஏழையும் அவர் தனித்தனியே அறிவார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நானும் அவரும் ஒரே ஆலையில் இருந்தோம். நான் பி.ஏ. படித்த அலுவலக எழுத்தர். அவர் லேத்தில் இரும்பு கடைபவர். மாலையானால் டூரிங் கொட்டகையின் மணல் தரையில் முதல் வரிசை அவருடையது. திரையில் வில்லன் துப்பாக்கியை உருவியதும் எழுந்து நிற்பார்.

“தோ பார்ரா! போன மாசம் போலீசு கையில இருந்துச்சே, அதே சாமான்! பிடியில ஓரம் பேந்துகினு கீது பாரு!”

“யோவ் நைனா, கம்முனு குந்துய்யா! சரியான பேஜாரு!” பின்னாலிருந்து மணல் பறந்து வரும்.

உழைத்துக் களைத்தவர்களின் இரண்டரை மணி நேர மயக்கத்தைக் கலைப்பது சமூக நோக்கில் முறைதானா என்று அவரிடம் வாதிட்டிருக்கிறேன். “பி.ஏ. சார், நீங்க கதையப் பாருங்க, நா சாமானப் பாக்குறேன்” என்பார். காரணம் மட்டும் சொல்லமாட்டார்.

ஆலையில் வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்ட ஒரு வாரத்தில், பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் முனுசாமியின் பையில் கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டது. மேலாளர் போலீசை அழைத்தார்.

“எங்க குப்பத்து நாடகத்துக்கு மெட்ராசுல சினிமா சாமான் கடையில பழசா வாங்கினேன் சார். நாந்தான் இன்ஸ்பெக்டரு வேஷம்” என்று முனுசாமி அழுதான்.

நிஜ இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கள்ளத் துப்பாக்கியும் இப்படித்தான் இருக்கும். சென்னைக்கு அனுப்பிச் சோதித்து முடிவு வர ஒரு மாதமாகும். அதுவரை உள்ளேதான் என்றார். ஒரு மாதம் வராதவனுக்கு ஆலையில் வேலை இருக்காது.

மேலாளர் மேசைமேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்த நைனாவின் முகம் பழைய நண்பனைக் கண்டதுபோல் மலர்ந்தது.

“சார், இது நாலாம் நம்பரு! பிடியில ரெண்டு திருகாணி. மேல பித்தளை, கீழ இரும்பு. நம்ம கொட்டகையில ஓடற படத்துல கடைசீல வருது. வந்து பாத்துட்டு அப்பால உள்ள தள்ளுங்க.”

கணிப்பு தவறினால் உள்ளே போவது ஒருவரா, இருவரா என்று யோசித்து நான் அவர் சட்டையை இழுத்தேன். பயனில்லை.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். இறுதிக் காட்சி. மகனுக்குக் குறிவைத்த குண்டைத் தாய் மார்பில் வாங்கிச் சரிந்தாள். நைனா துள்ளி எழுந்தார்.

“பாத்தீங்களா சார்?”

துப்பாக்கி மடியில் கிடந்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் இது! அழுறதுக்கா இட்டாந்தேன்?”

கொட்டகைக்காரர் அந்த ரீலை மறுபடி ஓட்டினார். ஒரே காட்சியில் அந்தத் தாய் இரண்டாம் முறை இறந்தாள். பெண்கள் பகுதி இரண்டாம் முறையும் குறைவின்றி அழுதது. இம்முறை இன்ஸ்பெக்டர் கண் இமைக்கவில்லை. வில்லனின் விரல்களுக்கிடையே மேலாணி மின்னியது, கீழாணி கறுத்திருந்தது. மடியிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் பெயர்ந்திருந்ததுகூட அப்படியே.

முனுசாமியை அனுப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “சல்யூட்டு மட்டும் ஒழுங்கா அடி. எங்க மானத்த வாங்காத.”

திரும்பும் வழியில் கேட்டேன். “நைனா, ரெண்டு தடவையும் நீங்க அந்தம்மாவைப் பாக்கவே இல்லையா?”

வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“மூஞ்சியப் பாத்தா அழுதுடுவேன் பி.ஏ. சார். அதான் சாமானப் பாக்குறது. அது டூப்புன்னு கண்டுபுடிச்சிட்டா, அவங்க சாவலன்னு ஆயிடும் இல்ல?”

அதன்பின் நைனா எழுந்து கத்தியபோதெல்லாம் பின்னாலிருந்து வந்த மணலில் பாதி என் முதுகில்தான் விழுந்தது. நான் அவருக்கு நேர் பின்னால் உட்காரத் தொடங்கியிருந்தேன்.