தரையிலிருந்து ஒரு தகுதிச் சான்று

பயப்படத் தெரிந்தவனே முழு மனிதன். ரோலர் கோஸ்டரைப் பார்த்து வயிறு கலங்காத ஆட்களை மனித இனத்தில் சேர்க்கலாமா என்று ஒரு கமிட்டி போட்டே முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தலைவராக நம் ஆய்வாளரை விட்டால் ஆள் கிடையாது.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் ராட்டினங்களுக்கெல்லாம் தகுதிச் சான்று தருவது அவர் உத்தியோகம். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டக்கூட மனைவியைக் கூப்பிடுவது அவர் சுபாவம். இந்த ரகசியம் ஆபீசுக்குத் தெரிந்தால் மானம் போய்விடாதா? அதனால் மேலே ஏறத் தேவையில்லாத "தரைவழி ஆய்வு முறை"யைக் கண்டுபிடித்தார். பூங்கா மேனேஜர் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொள்வார். பழுதான மிஷின் சத்தம் போடும், நல்ல மிஷின் போடாது என்பது சித்தாந்தம். ஏறியவர்கள் போடும் கூச்சலில் எந்த மிஷின் சத்தமும் அவர் காதில் விழுந்ததில்லை. "ஒண்ணும் கேக்கலையே!" என்று மனநிறைவோடு கையெழுத்துப் போடுவார். துறையும் மெச்சி, "சிறந்த ஆய்வாளர்" பட்டம் கொடுத்தது.

மகளின் பிறந்தநாளுக்கு அவரே சான்று கொடுத்த பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனார்கள்.

"அப்பா, வாங்கப்பா, ஏறலாம்!"

"பயம்னா சும்மா இல்லம்மா," என்று ஆரம்பித்தார். "காதுக்குள்ள ஒரு தண்ணி இருக்கு. அது ஆடினா மூளை குழம்பிடும். அறிவாளிகளுக்கு அந்தத் தண்ணி ஜாஸ்தி."

"அப்போ அம்மாவுக்கு?"

"எனக்கு எப்பவோ வத்திப்போச்சுடி," என்றாள் மனைவி. "உங்கப்பா ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்து போனவ நான்."

இருவரும் போய் ரோலர் கோஸ்டர் வண்டியில் உட்கார்ந்தார்கள். அவர் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினார். வண்டி மெல்ல நகர்ந்தது. இன்னும் யாரும் கத்த ஆரம்பிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ராட்டினத்தின் சத்தம் ஆய்வாளர் காதில் விழுந்தது.

டொக். கிர்ர்ர். டொக்.

அவர் ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்துய்யா! நிறுத்து!"

ஆபரேட்டர் பதறிப்போய் நிறுத்தினார். "என்ன சார்?"

"ஏதோ கழண்ட மாதிரி சத்தம் வருதேய்யா!"

"அது எப்பவும் வர்றதுதான் சார்."

"எப்பவுமா? ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

"ஆய்வாளர் ஐயாவே ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நமக்குக் கேட்டா மரியாதையா இருக்குமா சார்?" ஆபரேட்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க. நான் அவரை இந்தப் பக்கம் பாத்ததே இல்ல. ஆனா பெரிய கெட்டிக்காரராம். அவர் கையெழுத்து இருக்கு."

"யோவ், அந்தக் கையெழுத்தைப் போட்டவனே நான்தான்யா! அதான்யா பயமா இருக்கு!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு இறங்கினாள். மகள் அவரிடம் வந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

"இத்தனை நாளா மத்தவங்க ஏறினப்போ, உங்களுக்குப் பயமே வரலையாப்பா?"