மாமனார் வீட்டுக்குப் போன வெள்ளி சைலன்சர்

மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அடிக்கிறோம் என்பார்கள். நம்பாதீர்கள். யாராவது பார்த்து அசர வேண்டும் என்பதற்காகத்தான் அடிப்பார்கள். நான் அடித்தது என் மாமனார் அசர வேண்டும் என்பதற்காக.

அவருக்கும் எனக்கும் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. நானும் சுகந்தியும் காதலித்ததும், மாத்தளையில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பதை நான் தொழில் என்று சொல்லிக்கொண்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை. முத்துமாரியம்மன் கோவிலில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு யாரோ வீட்டு விருந்தாளி போல வந்து நின்றார். சாப்பிடாமல் இரத்தோட்டை பஸ் ஏறிவிட்டார். அதனால் தலைதீபாவளிக்கு அழைப்பு வந்தபோது சுகந்தி அழுதே விட்டாள்.

அழைப்போடு ஒரு சேலையும் வந்தது. மயில் கழுத்து நிறம், முந்தானை முழுக்கச் சரிகை. மாமா தானே மலைத்தோட்டத்து லய வரிசை வீட்டிலிருந்து டவுனுக்கு இறங்கி வந்து, கடை கடையாய் ஏறி எடுத்தாராம். மாமியார் போனில் சொன்னார்: "அதையே கட்டிக்கிட்டு வரணுமாம். லயத்து ஆளுங்க எல்லாம் பாக்கட்டும்னு சொல்றாரு." மகளிடம் நேரே சொல்ல முடியாததை அவர் சேலையில் சொல்லியிருந்தார். அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் என் வேலை.

ஆனால் சும்மா இருக்கிற ஆளா நான்? புது பைக் விலை கேட்டாலே தலை சுற்றுகிற காலம் என்பதால், என்னிடம் இருந்தது பல கை மாறிய பழைய பைக். எஞ்சின் முழுக்கக் கறை, சைலன்சர் முழுக்கத் துரு. இதில் போய் இறங்கினால் மருமகனைப் பற்றி என்ன நினைப்பார் என்று கடையில் உட்கார்ந்து யோசித்தேன். (வாடிக்கையாளர்கள் குறைவு. யோசிக்க நிறைய நேரம் இருந்தது.)

பெயின்ட் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், இரண்டு ஸ்பிரே டின்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளக்கும் வெள்ளி நிறம். மற்றது பளபளப்பே இல்லாத கறுப்பு.

"தம்பி, வெள்ளி எஞ்சினுக்கு மட்டுந்தான். இருநூறு டிகிரிக்கு மேல தாங்காது. சைலன்சருக்குக் கறுப்ப அடிங்க, அது அறுநூறு தாங்கும்."

"ரெண்டும் ஒரே கலர்ல இருந்தா அழகா இருக்குமே நானா?"

"அழகா இருக்கும். சூட்டுக்கு நிக்காது."

சுகந்தியும் கறுப்பே நன்றாகத்தான் இருக்கும் என்றாள். எனக்கோ அந்தக் கறுப்பைப் பார்த்தால் விறகடுப்பில் வைத்த சோற்றுப் பானையின் அடிதான் தெரிந்தது. இரண்டுக்குமே வெள்ளியை வாங்கினேன். போனில் பெயின்ட் வீடியோக்கள் பார்த்துத் தேறியவனுக்கு நானா பாடம் எடுக்கலாமா?

தீபாவளிக்கு முதல் நாள் அடித்தேன். ஐப்பசி மழை ஈரத்தில் பெயின்ட் காயவில்லை. சுகந்தியின் தலைமுடி காய வைக்கும் மெஷினைப் பிடித்துக் காய வைத்தேன். காய்ந்த பிறகு சைலன்சர் கண்ணைப் பறித்தது. அதன் மேல் ஒரு தகடு இருக்கும், கால், துணி சூட்டில் படாமல் இருக்க. அதைத் திரும்பப் பூட்டினால் வெள்ளியில் பாதி மறைந்துவிடும் என்பதால் பூட்டவில்லை.

இரத்தோட்டை வரை ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் ஏற்றம். இரண்டாம் கியரில் எஞ்சின் முக்க ஆரம்பித்ததும் ஒரு நாற்றம் வந்தது.

"என்னாங்க, புகையுதே?"

"பனி."

எதிரே வந்த த்ரீவீல்காரர் தலையை வெளியே நீட்டி, "மல்லி, தும் எனவா!" என்று கத்தினார். தம்பி, புகை வருகிறது என்று சிங்களத்தில் அவரும் சொல்லிவிட்டார். நான் அவருக்குக் கையசைத்துவிட்டு ஏறினேன். மாமனார் வீட்டு வாசலுக்குப் போகாமல் வண்டியை நிறுத்துவதில்லை என்று ஒரு வீம்பு.

நாற்றம் தாங்காமல் சுகந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைசி வளைவில் இருமல் வந்து கை விட்டுப்போக, முந்தானை வலது பக்கம் சரிந்து சைலன்சரில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

லயத்துக்கு முன்னால் ஊரே நின்றது. மாமா வெள்ளை வேட்டியில் எல்லோருக்கும் முன்னால் நின்றார். மாமியார் கையில் ஆரத்தித் தட்டு. புகை மண்டலத்துக்குள் இருந்து நாங்கள் வெளிப்பட்டோம்.

"ஐயோ, புள்ள சேல எரியுது!"

அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குச் சுற்ற வேண்டிய ஆரத்தியை மாமியார் அப்படியே சைலன்சரில் ஊற்றினார். சுர்ரென்று சிவப்பாய் ஆவி கிளம்பியது. மச்சான் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து, பாதியை முந்தானையிலும் மிச்சத்தை என் மேலும் ஊற்றினான். உரிந்த வெள்ளிப் பெயின்ட் என் புது வேட்டியில் வழிந்தது. லயமே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. சுகந்தியிடம் போனார்.

"கால்ல சுட்டுச்சாம்மா?"

"இல்லப்பா. சேலதான்..."

முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தார். சரிகை கருகிச் சுருண்டு, வெள்ளி அப்பிக் கிடந்தது. கருகிய பக்கத்தை உள்ளே மடித்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி அவள் தோளில் போட்டுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"பஸ் ஓடலையா மாப்புள?"

அந்தக் கேள்வி இன்று எங்கள் குடும்பச் சொத்து. பருப்பு அடிப்பிடித்தாலும் சரி, யாராவது கொசுவுக்கு நுளம்புத்திரி கொளுத்தினாலும் சரி, ஒரு மூலையிலிருந்து "பஸ் ஓடலையா மாப்புள?" என்று வந்துவிடும். மச்சான் கொழும்பிலிருந்து போன் எடுத்தால் ஹலோவுக்குப் பதில் அதுதான்.

மாமா இப்போது என்னோடு நன்றாகவே பேசுகிறார். ஆனால் தீபாவளிக்கு மகளுக்கு அவர் எடுத்தனுப்புவது சுடிதார்தான். போன வருடம் சுகந்தி கேட்டே விட்டாள்: "ஏம்ப்பா, சேலை எடுக்கவே மாட்டீங்களா?"

"அதான் நீ கட்டி ஒரு தடவ பாத்துட்டனே தாயி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எங்கே பார்த்தார்? அந்தச் சேலையில் மகளை ஒரு நிமிடம்கூட ஒழுங்காகப் பார்க்க நான் விடவில்லையே.