ஆர்கன் ரசிகர் வீட்டில் பெண் பார்த்தார்கள்

பாட்டுக் கேட்கிறவர்கள் ஒரு ஜாதி. பாட்டைக் கேட்கவைக்கிறவர்கள் இன்னொரு ஜாதி. முதல் ஜாதியால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. இரண்டாவது ஜாதியை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைப்பார்கள். கதவைச் சாத்துவார்கள். பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, பாட்டைக் கேட்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மெய்யநாதன் இந்த ஜாதியில் முதல் தரம். சிவகங்கையில் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். காரைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர், நல்ல மனிதர், கேட்டால் கேட்ட சான்றிதழை அன்றைக்கே வாங்கிக் கொடுக்கிறவர். ஒரே ஒரு குறை. அவருக்குப் புரோகிரசிவ் ராக் பிடிக்கும். அதிலும் அதில் வருகிற பைப் ஆர்கன் பிடிக்கும்.

புரோகிரசிவ் ராக் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அரை நூற்றாண்டுக்கு முன்னால் வெளிநாட்டில் தலைமுடி வளர்த்த நாலைந்து இளைஞர்கள், ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய பாட்டை இருபது நிமிடத்துக்கு இழுத்து, தாளத்தை ஏழாக்கி ஒன்பதாக்கி, அதுவும் போதாமல் ஒரு தேவாலயத்துக்குப் போய், அங்கே சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற, நூற்றுக்கணக்கான குழாய்களில் காற்றைச் செலுத்திக் கையாலும் காலாலும் வாசிக்கிற அந்த ராட்சச வாத்தியத்தை நடுவில் முழங்கவிட்டுவிட்டார்கள். அந்த முழக்கம் மெய்யநாதனுக்குக் கல்லூரி விடுதியில் ஒரு கேசட்டில் கிடைத்தது. அதன் பிறகு அவருக்கு வேறு கோயில் கிடையாது.

அடிக்குரல் சுத்தமாகக் கேட்கவேண்டும் என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார். சித்திரை மாதம், காரைக்குடியில். நீங்கள் நெளிந்தால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார்: "பொறுங்க, இப்ப வரும்." வருவதற்கு முன்னால் என்ன வரப்போகிறது என்று சொல்வார். வரும்போது வந்துவிட்டது என்று சொல்வார். வந்தபின் வந்தது என்ன என்று சொல்வார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். தலையை ஆட்டினேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள், யோகலட்சுமி. பி.எட். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவளைப் பார்க்க வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஆனால் இரண்டு ஜாதகங்களும் இருபது நிமிடப் பாட்டைக் கேட்டபிறகுதான் சரியில்லாமல் போயின என்பது அவர் மனைவி உமையாளின் கணக்கு. ஆகவே மூன்றாவதாகக் கண்டரமாணிக்கத்திலிருந்து வரன் வருகிறது என்றதும், அந்த அம்மாள் கணவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். அவராக வாய் திறந்து பாட்டுப் பேச்சை எடுக்கக்கூடாது. மெய்யநாதன் சத்தியம் செய்தார். துணைக்கு என்னையும் உட்காரவைத்தார்கள். அவர் வாய் திறந்தால் நான் மழையைப் பற்றிப் பேசவேண்டும் என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தார்கள். மாப்பிள்ளை அஜித், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கூட அவன் அம்மாவும் தாய்மாமன் கருத்தையாவும். தட்டில் பூவும் கொண்டுவந்திருந்தார்கள். பிடித்துப்போனால் ராகுகாலம் தொடங்குவதற்குள் பூ வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று கருத்தையா வந்ததுமே சொன்னார். வெள்ளைப் பணியாரம் வந்தது. மெய்யநாதன் வாயையே திறக்கவில்லை. எனக்கே பரிதாபமாக இருந்தது.

திறந்தது மாப்பிள்ளை. மூலையில் துணி போர்த்தியிருந்த இரண்டு ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டான்.

"ராக் கேப்பீகளா மாமா?"

நான் மழையைப் பற்றிப் பேசினேன். யாரும் காதில் வாங்கவில்லை. மெய்யநாதன் மனைவியைப் பார்த்த பார்வையில், நானாக எடுக்கவில்லையே என்கிற நியாயம் இருந்தது. அடுத்த நிமிடம் கதவு சாத்தியாயிற்று, விசிறி நின்றாயிற்று.

கருத்தையா கொஞ்ச நேரம் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "பாடுறவுக எப்ப வருவாக?"

தெரியாது என்றேன். அப்போது யோகலட்சுமி காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்கு நீட்டி, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவன் கண்ணை மூடியிருந்தான். மூடிய கண்ணோடு உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான்.

"பொறுங்க, இப்ப வரும்."

அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். மெய்யநாதனும் அஜித்தும் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. அஜித் கண்ணைத் திறந்து, ரொம்ப மரியாதையாக, இது பைப் ஆர்கன் இல்லை, எலக்ட்ரிக் ஆர்கன் என்று சொல்லிவிட்டான். முப்பது வருஷமாகக் கும்பிட்ட சாமியை அது சாமியே இல்லை, காவல்காரன் சிலை என்று சொன்னால் எப்படி இருக்கும்? மெய்யநாதன் வெளுத்துப்போனார். மறுபடி போட்டார்கள். நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். மின்சாரம் நடுங்கும், காற்று நடுங்காது என்று அவன் சொல்ல, காற்றும் நடுங்கும் என்று இவர் சொல்ல, கடைசியில் முன்பாதியில் வருவது எலக்ட்ரிக், பின்பாதியில் வருவது தேவாலயத்துக் குழாயேதான் என்று தீர்ப்பாகி, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டபோது, கருத்தையா கடிகாரத்தைக் காட்டினார். ராகுகாலம் தொடங்கிவிட்டது.

அதனால் என்ன, ஆறு மணிக்கு மேல் பூ வைத்துக்கொள்ளலாம் என்றார் மெய்யநாதன். அவருடைய முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. மருமகன் மட்டுமா கிடைத்தான்? ஆயுள் முழுக்கக் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

உள்ளேயிருந்து யோகலட்சுமியின் குரல் கேட்டது. சத்தம் போட்டு அவள் பேசவில்லை. விசிறி நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, நீ இத்தனை வருசமா பொறுத்துக்கிட்டு இருக்க. நான் இன்னொரு வீட்டுக்குப் போயி அதை முதல்ல இருந்து ஆரம்பிக்க முடியாது."

உமையாள் வெளியே வந்தார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பெண்ணுக்கு விருப்பமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மாப்பிள்ளையின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கருத்தையா தடுத்துவிட்டார். "விடு ஆத்தா. அந்தப் பிள்ள சொல்றது நாயந்தான்," என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு அவரே முதலில் எழுந்தார். போகிறபோது விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. நிம்மதிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மூன்று நாளைக்கு. பிறகு அந்த அமைதி உறுத்த ஆரம்பித்தது. மெய்யநாதன் பஸ்ஸுக்குப் போகிறபோது குனிந்தே போனார். என்னைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசினார். ஒருநாள் அவரே வந்து சொன்னார்: மகளிடம் கேட்டாராம், உனக்கு ஆர்கனே பிடிக்காதா என்று.

"பிடிக்கும்ப்பா. நீங்க பேசாம இருந்தா இன்னும் பிடிக்கும்" என்றாளாம்.

அது அவரை எங்கேயோ தைத்துவிட்டது. அடுத்த விடுமுறை நாளில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து கேட்டார்கள். பேசாமல் இருப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி சீப்புச் சீடை. ஒவ்வொன்றாக வாயில் போட்டு, சத்தம் வராமல் ஊறவைத்து ஊறவைத்து, பாட்டு முடிகிறவரை தாக்குப்பிடித்துவிட்டார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். பின்பாதியில் ஆர்கன் தொடங்குவதற்கு முன்னால், குழாய்களுக்குள் காற்று ஏறுகிற சத்தம் லேசாகக் கேட்கிறதாம். யாரோ பெரிய உடம்புக்காரர் மூச்சை உள்ளே இழுப்பது போல. முப்பது வருஷத்தில் அதை ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

"ஏன்னு தெரியுமா சார்?" என்றார். "சரியா அந்த இடத்துலதான் நான் பேசிக்கிட்டே இருந்திருக்கேன்."

யோகலட்சுமிக்கு மறுவருஷம் தேவகோட்டைப் பக்கம் கல்யாணமானது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக உரக்கடை. மாமனார் போட்ட பாட்டின் நடுவில் அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். யோகலட்சுமி ரொம்பச் சந்தோஷமாக ஒரு தலையணையை எடுத்து வந்து வைத்தாள். அஜித்தும் அந்த வீட்டை விடவில்லை. ஊருக்கு வருகிற போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறான். உமையாள் இரண்டு பேரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சீரியல் பார்க்கிறார். அவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.

சரி, மெய்யநாதனைப் பார்த்துச் சிரித்தது போதும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஓர் இடத்தில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ கூப்பிட்டு, "இந்த இடத்தை மட்டும் கேளேன்" என்று சத்தமாக வாசித்துக் காட்டினீர்களா? காட்டியிருந்தால், வாசித்த நேரத்தில் உங்கள் கண் காகிதத்தில் இருந்ததா, அவர்கள் முகத்தில் இருந்ததா?